கார் ஏசியில் ஈர வாடை: ஃபில்டரா, ஃபோமா, ஓசோனா?

கார் கதவைத் திறந்து உட்கார்ந்து, ஏசி பட்டனை அழுத்திய முதல் சில நொடிகளில்தான் அது வரும். ஊறவைத்துவிட்டு அலசாமல் மறந்துபோன துணியை மறுநாள் எடுத்து முகர்ந்தால் எப்படி இருக்குமோ, அப்படி ஒரு வாடை. இரண்டு நிமிடத்தில் குறைந்துவிடும். மூக்கும் பழகிவிடும். சரி, போய்விட்டது என்று நாமும் விட்டுவிடுவோம். மறுநாள் காலையில் மறுபடியும் குப்பென்று அடிக்கும்.

என் காரில் இதை மூன்று மாதம் பொறுத்துக்கொண்டேன். முதலில் ஏசி வென்டில் எலுமிச்சை வாசனை கிளிப் ஒன்றைச் செருகினேன். பின் சீட்டில் உட்கார்ந்த மகள், "எலுமிச்சம்பழம் அழுகின மாதிரி இருக்குப்பா, ஜன்னலைத் திற" என்றாள். அப்புறம் ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கேஸ் குறைந்திருக்கிறது என்று சொல்லி நிரப்பிக் கொடுத்தார்கள். குளிர் கொஞ்சம் கூடியது. வாடை அப்படியே இருந்தது. கடைசியாக வயதான ஒரு மெக்கானிக்கிடம் காட்டியபோது அவர் பானட்டைக்கூடத் திறக்கவில்லை. "ஏசி போட்டு ஓட்டிட்டு வந்து நிறுத்தினா கீழே தண்ணி சொட்டுதா தம்பி?" என்று மட்டும் கேட்டார். நான் அதுவரை குனிந்து பார்த்ததே இல்லை.

அந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. இந்த வாடைக்குக் கடையில் கிடைக்கும் ஒவ்வொரு மருந்தையும், தண்ணீர் எங்கே தங்குகிறது என்ற கேள்வியை வைத்துத்தான் எடைபோட வேண்டும். கீழே நான் செய்திருப்பதும் அதுதான்.

டேஷ்போர்டுக்குப் பின்னால், பெரும்பாலும் க்ளவ்பாக்ஸ் பக்கமாக, ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது. அதற்குள் நிற்பதுதான் கூலிங் காயில். அலுமினியக் குழாய்களுக்கு இடையே காகிதம்போல மெல்லிய தகடுகள் மடிந்து மடிந்து நெருக்கமாக நிற்கும். ப்ளோயர் தள்ளும் காற்று இந்தத் தகடுகளின் இடுக்கில் புகுந்து வரும்போதுதான் குளிர்கிறது. ஏசி ஓடும்போது காயில் பூஜ்யத்துக்குச் சில டிகிரி மேலேதான் இருக்கும். குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல, காற்றிலுள்ள ஈரம் தகடுகளில் நீராகப் படிகிறது. அது வழிந்து அடித்தட்டில் சேர்ந்து, டிரெயின் பைப் வழியாகக் காருக்கு அடியில் சொட்டுகிறது. சொட்டினால் நல்லது.

இன்ஜினை நிறுத்தியதும் சிக்கல் தொடங்குகிறது. தகடுகளுக்கு நடுவே ஒட்டியிருக்கும் நீர் உடனே வழியாது. பெட்டி இருட்டாக இருக்கிறது, காற்றோட்டம் இல்லை, குளிர்ந்திருந்த காயில் மெல்லச் சூடாகிறது. கூடவே தூசி, பூந்தாது, நம் தோலிலிருந்து உதிர்ந்த துகள் எல்லாம் அங்கே ஒட்டியிருக்கின்றன. பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் வேறென்ன வேண்டும்? மெத்திலோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவும் கிளாடோஸ்போரியம், பெனிசிலியம் வகைப் பூஞ்சைகளும் கார் ஏசி காயில்களில் கண்டறியப்பட்டவை. இவை தனித்தனியாக மிதப்பதில்லை. வழுவழுப்பான ஒரு படலமாகத் தகட்டில் ஒட்டிக்கொள்கின்றன. தண்ணீர்க் குடத்தைப் பல நாள் தேய்க்காமல் விட்டால் உட்புறம் கையில் வழுக்குமே, அந்த மாதிரிப் படலம். இந்தப் படலம்தான் முக்கியம், ஏனென்றால் எந்த மருந்தும் இதை ஊடுருவினால்தான் வேலை செய்யும்.

மருந்துக்குப் போவதற்கு முன் மூக்கை நம்பி ஒரு சோதனை செய்துவிடுங்கள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ஏசியை மட்டும் அணைத்து, ஃபேனை ஓடவிடுங்கள். காயிலில் இருக்கும் நீர் ஆவியாகத் தொடங்கும். ஒன்றிரண்டு நிமிடத்தில் ஈரத்துணி வாடை மேலெழுந்தால் குற்றவாளி காயில்தான். இலை மக்கிய வாடையாக இருந்து, வெளிக்காற்று எடுக்கும்போது மட்டும் வந்து, உள்காற்றைச் சுழலவிடும்போது குறைந்தால், வைப்பருக்குக் கீழே உள்ள காற்று வாயில் சருகு அடைத்திருக்கலாம். அதன் மேலுள்ள வலைமூடியைத் திறந்து கையால் அள்ளினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

வாடை இனிப்பாக, பாகு காய்ச்சுவதுபோல இருந்து, முன்கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுவென்று மங்கினால் அது பூஞ்சை இல்லை. சூட்டுக்காற்று தரும் ஹீட்டர் கோரிலிருந்து, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் திரவம் கசிகிறது. அதற்குக் காயிலைக் கழுவும் எந்த ஃபோமும் (நுரை மருந்தும்) பலன் தராது. கசிவைச் சரிசெய்ய வேண்டும், தாமதித்தால் இன்ஜின் சூடேறிப்போகும். பெட்ரோல் வாடையோ புகைக்குழாய் வாடையோ உள்ளே வந்தால் வண்டியை ஓட்டாமல் உடனே காட்டுங்கள். புகையோடு சேர்ந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, அதனால் புகை வாடையைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளக்கூடாது. அழுகிய வாடை நாளுக்கு நாள் ஏறினால் காற்றுப் பாதையில் எலி செத்துக் கிடக்கலாம்.

இன்னொன்றையும் பாருங்கள். முன்பக்கப் பயணி கால் வைக்கும் இடத்தில் தரைவிரிப்பை உள்ளங்கையால் அழுத்துங்கள். மேலே காய்ந்ததுபோல இருக்கும், அழுத்தினால்தான் அடியில் இருக்கும் பஞ்சிலிருந்து நீர் கசியும். அப்படிக் கசிந்தால் பெரும்பாலும் டிரெயின் பைப் அடைத்திருக்கிறது, சொட்ட வேண்டிய தண்ணீர் உள்ளே திரும்பியிருக்கிறது என்று பொருள். என் காரில் அதுதான் நடந்திருந்தது. மெக்கானிக் அடியில் படுத்து அந்த ரப்பர் முனையை இரண்டு விரலால் கசக்கியபோது, கறுப்பாகச் சேறு போன்ற ஒன்று விழுந்தது. அதன் பின்னாலேயே ஒரு தம்ளர் அளவுக்குத் தண்ணீர் கொட்டியது. அந்தத் தண்ணீரின் வாடையும் காருக்குள் வந்த வாடையும் ஒன்றேதான்.

வாசனைப் பொருட்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிளிப், ஜெல், தொங்கும் அட்டை எதுவாக இருந்தாலும், இருக்கும் வாடையின் மேல் இன்னொன்றைப் போர்த்துகிறது. மூடிய காரில் சிலருக்குத் தலைவலியும் குமட்டலும் கூடும். காரணம் தீர்ந்த பிறகு பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

கேபின் ஃபில்டர் வேறு கதை. எல்லாரும் ஏசி ஃபில்டர் என்று சொல்வது இதைத்தான். பெரும்பாலான கார்களில் க்ளவ்பாக்ஸைக் கழற்றிக் கீழே இறக்கினால் பின்னால் ஒரு நீளமான மூடி தெரியும். அதன் இரு பக்கக் கொக்கிகளை அழுத்தினால் ஃபில்டர் இழுப்பறைபோல வெளியே வரும். பத்து நிமிட வேலை, ஸ்க்ரூடிரைவர்கூடப் பல வண்டிகளுக்குத் தேவைப்படாது. வெளியே எடுத்த ஃபில்டரை ஒரு தடவை முகர்ந்து பாருங்கள். மடிப்புகளுக்குள் சருகு, பூச்சி இறக்கை, சாம்பல் நிறத் தூசிப் படிவம் எல்லாம் இருக்கும். ஈரம் பட்டுக் காய்ந்த வட்டமான கறை இருந்தால் அந்தக் காகிதமே வாடை தரும். ஊதியும் தட்டியும் திரும்பப் போடுவதில் பயனில்லை. கழுவிப் போடுவது இன்னும் மோசம். கழுவலாம் என்று தயாரிப்பாளரே சொன்ன வகை தவிர மற்றவை நனைந்தால் கெட்டுவிடும்.

புதியது வாங்கும்போது சாதாரணக் காகித ஃபில்டரா, கரி கலந்ததா என்ற கேள்வி வரும். சாதாரணமானது தூசியையும் பூந்தாதுவையும் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. கரி கலந்தது முன்னால் போகும் லாரியின் புகை வாடையையும் ஓரளவு உறிஞ்சும், விலை கூடுதல். நெரிசலில் ஓட்டுபவர் கரி வகையை எடுப்பது நியாயம். ஆனால் பல கார்களில் ஃபில்டர் காயிலுக்கு முன்னால் இருக்கிறது. காற்று ஃபில்டரைத் தாண்டித்தான் காயிலுக்குப் போகிறது, ஆகவே காயிலில் பிறக்கும் வாடையைக் கரி வந்து பிடிக்காது. காயில் வாடைக்காக விலை கூடிய ஃபில்டர் வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய. ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அம்புக்குறி காற்று போகும் திசையைக் காட்டும், அதைத் திருப்பிப் போட்டுவிடாதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை அல்லது 15,000 கி.மீ. என்பது பொதுவான கணக்கு. புழுதியில் ஓடும் வண்டிக்கு இன்னும் சீக்கிரம். சில பழைய கார்களில் ஃபில்டரே கிடையாது. அவற்றின் காயிலில் அழுக்கு அதிகம் சேரும், இது நினைவில் இருக்கட்டும்.

பணமே செலவில்லாத வழி ஒன்றிருக்கிறது: காய்ச்சி உலர்த்துவது. ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டுக்கும் ஃபேனை முழு வேகத்துக்கும் வைத்து, ஜன்னல்களைத் திறந்து, வெளிக்காற்று எடுக்கும்படி பத்து, பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். திறந்த வெளியில் செய்ய வேண்டும், மூடிய கராஜில் இன்ஜினை ஓடவிடவே கூடாது. வாடை தொடங்கி ஓரிரு வாரம்தான் ஆகிறதென்றால் ஃபில்டர் மாற்றத்தோடு இதையும் நான்கைந்து நாள் செய்தால் பல சமயம் அடங்கிவிடும். மாதக்கணக்கில் வளர்ந்த படலத்துக்கு இது போதாது. காய்ந்தால் பூஞ்சை உறங்கும், சாகாது. மறுபடி நனைந்ததும் எழுந்துவிடும்.

இனி உண்மையான போட்டிக்கு வருவோம். கடையில் இரண்டு விதமான டப்பாக்கள் இருக்கும். ஒன்றைக் காருக்குள் வைத்து அழுத்திவிட்டு வெளியே வந்துவிடலாம், அது முழுவதையும் மூடுபனிபோலப் பீய்ச்சித் தீர்த்துவிடும். மற்றொன்று நீளமான மெல்லிய குழாயோடு வரும் ஃபோம்.

மூடுபனி டப்பா சுலபம். ஃபேன் முழு வேகம், ஏசி ஆன், உள்காற்றுச் சுழற்சி ஆன், கண்ணாடிகளை எல்லாம் மூடியிருக்க வேண்டும். டப்பாவைப் பயணி கால் வைக்கும் பக்கம் வைப்பார்கள், ஏனென்றால் உள்காற்றை உறிஞ்சும் வாய் பெரும்பாலும் அந்தப் பக்கம் டேஷ்போர்டுக்கு அடியில்தான் இருக்கிறது. பத்து, பதினைந்து நிமிடம் கழித்துக் கதவுகளைத் திறந்து நன்றாகக் காற்றோட விட வேண்டும். பழைய ஃபில்டரை முன்பே எடுத்துவிட்டால்தான் மருந்து காயில் வரைக்கும் போகும், இல்லையென்றால் பாதியை ஃபில்டரே குடித்துவிடும். இதன் பலம், காற்றுக்குழாய், வென்ட், சீட் துணி என்று எல்லா இடமும் கொஞ்சம் தொடுவது. பலவீனமும் அதே இடத்தில்தான். எங்கேயும் அது நனைப்பதில்லை. தகடுகளின் இடுக்கில் இருக்கும் படலத்தின் மேல் லேசாகப் பட்டுவிட்டுப் போகிறது. இரண்டு வாரம், மூன்று வாரம் சுகமாக இருக்கும். அப்புறம் திரும்பும். நான் இதை இரண்டு தடவை செய்து பார்த்தேன், இரண்டு தடவையும் மாதம் முடிவதற்குள் வாடை வந்துவிட்டது.

ஃபோம் தொந்தரவு பிடித்தது, ஆனால் நான் கைகாட்டுவது இதற்குத்தான். குழாயை டிரெயின் பைப் வழியாக மேலே ஏற்றியோ, ஃபில்டர் இருக்கும் பொந்து வழியாகவோ காயில் பெட்டிக்குள் விட்டு அடித்தால், நுரை விரிந்து தகடுகளின் இடுக்குகளில் நிரம்பும். இருபது, முப்பது நிமிடத்தில் நுரை நீராக இளகி, அழுக்கையும் சேர்த்துக்கொண்டு டிரெயின் பைப்பில் இறங்கும். அழுக்கு வெளியேறுகிறது என்பதுதான் இங்கே பெரிய வித்தியாசம். மூடுபனி செத்ததையும் உள்ளேயே விட்டுவிடுகிறது. நான் பைப்புக்குக் கீழே ஒரு வெள்ளைக் கிண்ணம் வைத்தேன். முதலில் காபி நிறத்தில் சொட்டியது. அதில் மயிரிழை போன்ற தூசியும், கிழிந்த ஈரக் காகிதம்போல வழுவழுப்பான துணுக்குகளும் மிதந்தன. இரண்டாவது டப்பா அடித்த பிறகுதான் சொட்டு வெளுத்தது.

எந்த வழியாக அடிப்பது என்பதில் கவனம் வேண்டும். சில கார்களில் ஃபில்டர் பொந்துக்கு நேர் கீழே ப்ளோயர் மோட்டார் இருக்கிறது. அங்கே அடித்தால் நுரை மோட்டாரின் மேலும், ஃபேன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டரின் மேலும் இறங்கும். அத்தகைய வண்டிக்கு டிரெயின் பைப் வழிதான் பாதுகாப்பு. அடியில் படுக்க வேண்டியிருந்தால் வண்டி ஆறட்டும், புகைக்குழாய் சுடும். ஜாக்கில் மட்டும் தூக்கிவிட்டு அடியில் போகவே போகாதீர்கள், தாங்கு ஸ்டாண்ட் வேண்டும். ஆசையில் டப்பாவை ஒரே மூச்சில் காலி செய்தால் நுரை வென்ட் வழியாக டேஷ்போர்டில் பொங்கும். அலுமினியத்துக்கு ஏற்றது, கார் ஏசிக்கானது என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கடைசியில் சூட்டுக்காற்றில் பதினைந்து நிமிடம் உலர்த்திய பிறகே புது ஃபில்டரைப் போடுங்கள்.

வீட்டில் இருப்பதை ஊற்றலாமா என்று கேட்பார்கள். ப்ளீச்சிங் திரவம் கண்டிப்பாக வேண்டாம், அது அலுமினியத்தை அரிக்கும், அந்த ஆவியையும் நாம்தான் சுவாசிக்க வேண்டும். வினிகர் பலவீனமான அமிலம்தான், ஆனாலும் நாள்பட அலுமினியத்துக்கு ஆகாது. கை சானிடைசர் போன்ற ஆல்கஹாலை ஓடும் ப்ளோயரில் பீய்ச்சுவது தீப்பிடிக்க வழி. மிச்சமாகும் பணம் ஒரு காயிலின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

ஓசோன் இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் ரொம்பவும் உயர்த்திச் சொல்லி விற்கிறார்கள். மூன்று ஆக்சிஜன் அணு சேர்ந்தது ஓசோன். பல பொருட்களோடு எளிதில் வினைபுரியும், வாடை தரும் மூலக்கூறுகளையும் உடைக்கும். சிகரெட் வாடை, சீட் துணியில் ஊறிய வாடை ஆகியவற்றுக்கு இது நிஜமாகவே உதவும். காயிலுக்கு? மேற்பரப்பில் இருப்பதைச் சுட்டுவிடும், தடித்த படலத்தின் அடிவரை போகாது, அழுக்கை வெளியேற்றவும் செய்யாது. ஈரம் அங்கேயே இருக்கும். மேலும் ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல். அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதி 8 மணி நேர வேலைக்கு அனுமதிக்கும் அளவே பத்து லட்சம் பங்கு காற்றில் 0.1 பங்குதான். வாடை போக்கும் அளவு அதைவிடப் பல மடங்கு அதிகம். இயந்திரம் ஓடும்போது காருக்குள் மனிதரோ நாயோ பூனையோ இருக்கக்கூடாது. முடிந்ததும் கதவுகளைத் திறந்து நெடுநேரம் காற்றோட விட வேண்டும். திரும்பத் திரும்பச் செய்தால் கதவோர ரப்பர் பீடிங்குகளில் வெடிப்பு விழும். ஆஸ்துமா உள்ளவர் ஓட்டும் காருக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன்.

பணிமனையில் செய்யக்கூடியவை இரண்டு. சிறு கேமராவை உள்ளே விட்டுக் காயிலைப் பார்த்துக்கொண்டே, மருந்தை நேராகத் தகடுகளின் மேல் அழுத்தத்தில் அடிப்பது ஒன்று. ஃபோமை நீங்களே அடிக்க முடியாத வண்டிக்கும், டிரெயின் பைப் கைக்கு எட்டாத வண்டிக்கும் இது நல்ல வழி. முன்னும் பின்னும் கேமராப் படத்தைக் காட்டச் சொல்லுங்கள், நல்ல பணிமனை மறுக்காது. மற்றொன்று டேஷ்போர்டைக் கழற்றிக் காயிலை வெளியே எடுப்பது. கேஸை இயந்திரத்தில் திரும்பப் பிடித்துச் சேமிக்க வேண்டும், ஏராளமான கிளிப்புகளையும் ஸ்க்ரூக்களையும் கழற்ற வேண்டும், பிறகு மறுபடி கேஸ் நிரப்ப வேண்டும். மாட்டிய பிறகு டேஷ்போர்டில் எங்கேயாவது கிறீச் என்று சத்தம் வருவதும் உண்டு. காயில் கசிகிறது, எப்படியும் மாற்றியாக வேண்டும் என்றால் மட்டும் இதற்குப் போங்கள். வாடைக்காக மட்டும் டேஷ்போர்டைப் பிரிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆக, யாருக்கு எது? வாடை புதிது, ஃபில்டர் பழையது என்றால் ஃபில்டரும் சூட்டுக்காற்றும் போதும். ஒரு மாதத்துக்கு மேலாக இருக்கிறது என்றால் முதலில் டிரெயின், பிறகு ஃபோம், பிறகு உலர்த்தல், கடைசியில் புது ஃபில்டர். இந்த வரிசையை மாற்றாதீர்கள். அடைத்த பைப்போடு ஃபோம் அடித்தால் அழுக்கு நீர் தரைவிரிப்புக்குள் வரும். புது ஃபில்டரை முன்பே போட்டால் அது வாடையை வாங்கிக்கொள்ளும். வாங்கிய பழைய காரில் புகையிலை வாடையும் சேர்ந்திருந்தால் இவை எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு தடவை ஓசோன் வைக்கலாம். குழந்தைக்கோ பெரியவருக்கோ மூச்சிரைப்பு இருந்தால் மூடுபனி டப்பாவும் வேண்டாம், வாசனை கிளிப்பும் வேண்டாம். ஃபோம் அடித்துவிட்டு ஒரு முழுநாள் கண்ணாடியை இறக்கி நிறுத்துங்கள்.

வாடை போன பிறகு அது திரும்பாமல் இருக்க நான் செய்வது ஒன்றுதான். வீடு வந்துசேர நான்கைந்து நிமிடம் இருக்கும்போது ஏசியை அணைத்து, ஃபேனைக் கூட்டி, வெளிக்காற்றுக்கு மாற்றிவிடுவேன். முதலில் குளிராகவும் பிறகு கொஞ்சம் புழுக்கமாகவும் வரும் அந்தக் காற்று காயிலைத் துடைத்துக்கொண்டுதான் வருகிறது. மனைவிக்கு ஆரம்பத்தில் இது பிடிக்கவில்லை, காரணத்தைச் சொன்னதும் அவளே பட்டனை அழுத்தப் பழகிவிட்டாள். இறங்கிய பிறகும் ப்ளோயரைச் சிறிது நேரம் ஓட்டிக் காயிலைக் காயவைக்கும் வசதி சில கார்களிலேயே இருக்கிறது. பூட்டிவிட்டுப் போன காரில் ஃபேன் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம்.

எல்லாம் செய்தும் ஒரே வாரத்தில் வாடை திரும்பினால் மறுபடி ஃபோம் வாங்கப் போகாதீர்கள். தரைவிரிப்பைத் தூக்கி அடியிலுள்ள பஞ்சைத் தொட்டுப் பாருங்கள். மேலே வெயிலில் காய்ந்தாலும் அந்தப் பஞ்சு வாரக்கணக்கில் நீரைப் பிடித்துவைத்திருக்கும், அங்கேயும் அதே பூஞ்சை வளரும். என் காரில் சீட்டைக் கழற்றி, விரிப்பைத் தூக்கிக் கட்டைவைத்து நிமிர்த்தி, இரண்டு நாள் டேபிள் ஃபேன் ஓடவிட்டேன். மூன்றாம் நாள் அழுத்தியபோது உள்ளங்கை காய்ந்தே இருந்தது.